பழைய இரும்புக்கும் ஒரு கட்டம் கொடுங்கள்

கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, திருவள்ளூர் பக்கத்துக் கல்லூரிகளில் படித்துக்கொண்டே வீடியோ கேம் எழுதிப் பழகும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் விளையாட்டுகளில் வரும் கிராஃப்டிங்கைப் பற்றி ஒரு கோரிக்கை வைக்கவே இந்த மடலை எழுதுகிறேன். வீரன் காட்டுக்குள் போகிறான், பூதத்தை வீழ்த்துகிறான், அது கீழே போடும் பொருளை எடுத்துப் பையில் வைக்கிறான், இரண்டு மூன்றைச் சேர்த்து வாளோ கவசமோ செய்துகொள்கிறான். அந்தப் பொருட்களுக்கு நீங்கள் வைக்கும் பெயர்கள் மித்ரில், டிராகன் செதில், ஓர்க் பல், ஏதோ ஒரு குளிர்நாட்டுக் காட்டின் மூலிகை. ஆனால் உங்களில் பலர் ஏறி இறங்கும் மின்ரயில் கும்மிடிப்பூண்டியில் போய் நிற்கும்போது, அங்கே சிப்காட் தொழில் வளாகத்திலும் அதைச் சுற்றியும் பழைய இரும்பு உருகிக் கட்டடக் கம்பியாகிக்கொண்டிருக்கிறது. பழைய பேட்டரி உடைபட்டு மறுபடி ஈயமாகிறது. தேர்வாய்கண்டிகையில் ரப்பர் லாரி டயராகிறது. பொருளைச் சேர்த்துப் பொருள் செய்வதையே பிழைப்பாகக் கொண்ட பகுதி இது. உங்கள் பைகளில் இதற்கு ஒரு கட்டம்கூட ஒதுக்கப்படவில்லை. ஊர்ப்பெருமைக்காக இதைக் கேட்கவில்லை. உங்கள் விளையாட்டு இன்னும் நல்ல விளையாட்டாக வேண்டுமானால், சிரிப்பு வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வரவேண்டுமானால், அதில் வரும் மூலப்பொருளுக்கு ஒரு பிறப்பிடமும் ஒரு குணமும் ஒரு மிச்சமும் வேண்டும் என்பதே என் வாதம்.

நகைச்சுவை கேம் எழுத நினைப்பவர்கள் முதலில் கிங்டம் ஆஃப் லோதிங்கைப் பாருங்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் ஸாக் ஜான்சன் என்பவர் 2003இல் தொடங்கியது. உலாவியிலேயே ஆடலாம். படங்களெல்லாம் கறுப்பு வெள்ளைக் குச்சி மனிதர்கள். அந்த ராஜ்யத்தின் நாணயம் இறைச்சி. இரண்டு பொருட்களை ஒட்டுவதற்கான மூலப்பொருள் இறைச்சிப் பசை. பத்து இறைச்சி கொடுத்தால் ஒரு பசை. அதில் ஒரு கார் செய்யலாம். ஸ்பிரிங்கோடு ஒரு பல்சக்கரத்தை ஒட்டி, அதோடு இன்னொரு பல்சக்கரத்தைச் சேர்த்து, காலி டேங்கில் இறைச்சிக் கட்டை நிரப்பி, இரண்டையும் இணைத்தால் எஞ்சின். டயரோடு ரிம்மை ஒட்டினால் சக்கரம். எஞ்சினும் சக்கரமும் சேர்ந்தால் இறைச்சியில் ஓடும் கார். அது கிடைத்தால் கடற்கரைப் பக்கம் போக வழி திறக்கும். கேட்கக் கோமாளித்தனமாக இருக்கும். ஆனால் அந்தச் செய்முறையில் வரிசை பிசகவில்லை என்பதைக் கவனியுங்கள். எஞ்சின் எஞ்சினாகத்தான் செய்யப்படுகிறது, சக்கரம் தனியே சேர்கிறது, ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு பசை செலவாகிறது. 1998இல் திருவள்ளூர் ஆலையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சர் காரைச் செய்யத் தொடங்கியபோதும் அடிப்படை ஒழுங்கு இதுவாகத்தான் இருந்தது. கற்பனை எவ்வளவு கிறுக்காக இருந்தாலும் கணக்கு நேராக இருப்பதால்தான் அந்த விளையாட்டில் சிரிப்பு நிற்கிறது. கணக்கு தவறியபோது என்ன ஆனது என்பதற்கும் அதே விளையாட்டில் சான்று உண்டு. 2004இல் நிரலில் இருந்த ஒரு பிழையால் சிலர் கையில் எண்ணிலடங்காத இறைச்சி சேர்ந்துவிட்டது. சந்தையில் விலைகள் தாறுமாறாயின. புழக்கத்தில் மிதந்த இறைச்சியை வற்றவைக்க அதைப் படைத்தவர்கள் புதிய செலவு வழிகளை உண்டாக்க வேண்டி வந்தது. எங்கிருந்தோ செலவில்லாமல் வந்து குவியும் பொருளுக்கு விளையாட்டிலும் மதிப்பு நிற்பதில்லை.

இனி நீங்கள் எல்லோரும் ஆடிய மைன்கிராஃப்டுக்கு வாருங்கள். மூன்று இரும்புக் கட்டியும் இரண்டு குச்சியும் சேர்ந்தால் ஒரு குந்தாலி. அது தேய்ந்த பிறகு உலையில் போட்டால் திரும்பக் கிடைப்பது ஒரே ஒரு இரும்புத் துணுக்கு. ஒன்பது துணுக்கு சேர்ந்தால்தான் ஒரு கட்டி. அப்படியானால் மூன்று கட்டி போட்டுச் செய்த பொருளில் இருபத்தேழில் ஒரு பங்குதான் மீள்கிறது. உலகில் மிக அதிகம் விற்ற விளையாட்டு கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்திருக்கும் கணக்கு இது: பழைய இரும்பு ஒன்றுக்கும் உதவாது. கும்மிடிப்பூண்டியின் உலைகள் ஒவ்வொரு நாளும் இதைப் பொய்யாக்குகின்றன. துருவும் மண்ணும் எண்ணெயும் நீங்கலாக, உலைக்குள் போன இரும்பில் பெரும்பகுதி இரும்பாகவே வெளியே வருகிறது. அடுத்ததாக, அந்த விளையாட்டில் தாதுவை உருக்கினால் சுத்தமான கட்டி மட்டுமே வரும். கசடு இல்லை, புகை இல்லை, சாம்பல் இல்லை. வெடிமருந்து வேண்டுமென்றால் பச்சை நிற அரக்கனைக் கொன்றால் போதும், தரையில் விழும். வசதிக்காகச் செய்த சுருக்கங்கள் இவை, தப்பென்று சொல்லமாட்டேன். அந்தச் சுருக்கங்களையே இலக்கணமாக எடுத்துக்கொண்டு, அதன் மேல் டிராகன் செதிலை ஒட்டி நீங்கள் புதியது படைத்ததாக நினைப்பதுதான் எனக்குக் குறையாகப்படுகிறது. நூறு பேர் எழுதியதை நூற்றியோராவது ஆளாக எழுத உங்களுக்கு என்ன அவசியம்?

ஒரு மாயாஜாலக் கதை எழுதுபவரின் கண்ணோடு, பழைய இரும்பை உருக்கும் இண்டக்ஷன் உலையைப் பாருங்கள். கரி கிடையாது, தீ நாக்கு கிடையாது. உள்ளே தண்ணீர் ஓடும் செப்புச் சுருளில் மின்சாரம் பாய்கிறது. அதன் காந்தப்புலம் உலைக்குள் கிடக்கும் இரும்பினுள்ளேயே மின்னோட்டத்தை எழுப்புகிறது. இரும்பு தன்னாலேயே சூடேறி 1,600 டிகிரி செல்சியஸ் அளவில் குழம்பாகிறது. அதற்குள் போவது எத்தனை வகை! காயலான் கடையில் சேர்ந்த சாமான், பட்டறைகளில் கடைசல் இயந்திரம் சீவித் தள்ளிய சுருள், தகட்டு வெட்டு, கட்டடம் இடித்தெடுத்த கம்பி, அழுத்திக் கட்டிய பண்டல், கப்பலில் வந்திறங்கும் கலப்புச் சரக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். செம்பு கலந்து வந்தால் அந்தச் செம்பை உலையில் பிரித்தெடுக்க வழியில்லை. தாதுவிலிருந்து நேரே செய்த ஸ்பாஞ்ச் அயர்னைச் சேர்த்து அதன் அளவை நீர்க்கவைக்கலாம், அவ்வளவுதான். மிஞ்சினால், உருட்டாலையில் கம்பியின் மேல்தோல் வெடிக்கும். பாஸ்பரஸும் அப்படியே, இந்த வகை உலையில் அதை வெளியேற்றுவது பெரும்பாடு. கட்டடக் கம்பிக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 1786, எஃப்இ 500 வகையில் கந்தகமும் பாஸ்பரஸும் தனித்தனியே 0.055 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. கூடுதலாக வளைந்து கொடுக்க வேண்டிய 500டி வகையில் 0.040. நூறு கிலோவில் 55 கிராமா, 40 கிராமா என்பதில் ஒரு வீட்டின் தூண் எப்படி நிற்கும் என்பது அடங்கியிருக்கிறது. சேர்த்த பொருளின் குணம் செய்த பொருளில் தங்கிவிடும் என்ற இந்த ஒரு விதியை உங்கள் விளையாட்டில் எழுதிப் பாருங்கள். வீரனின் வாள் ஏன் மூன்றாம் சண்டையில் முறிந்தது என்று அவன் தன் பையைத் திரும்பப் புரட்டுவான். எந்த அரக்கனும் கொடுக்காத விறுவிறுப்பு அதில் இருக்கிறது.

அபாயமும் பொருளுக்குள்தான் இருக்கிறது. வாய் மூடிய சிலிண்டர், பழைய ஷாக் அப்சார்பர், உள்ளே மழைநீர் தங்கிய குழாய் ஆகியவை கவனிக்கப்படாமல் குழம்புக்குள் போனால் நீர் ஆவியாகி விரிந்து உருகிய உலோகத்தை ஆட்கள் மேல் வாரியிறைக்கும். அதனால்தான் தரம் பிரிப்பவரின் கண், உலைக்காரரின் உயிருக்குக் காவல். 2004இல் டெல்லியை அடுத்த காசியாபாத் பகுதியில் ஓர் எஃகு ஆலையில், இறக்குமதியான பழைய இரும்போடு வந்த போர்க்களக் குண்டு வெடித்துப் பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். 2010இல் டெல்லி மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தைக்குள், பல்கலைக்கழகம் ஒன்று ஏலத்தில் விட்ட கதிர்வீச்சுக் கருவி கோபால்ட்-60 உடன் வந்து சேர்ந்தது. ஒருவர் இறந்தார், பலர் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரில் 1983-84இல் அதே கோபால்ட்-60, கழித்துவிட்ட ஒரு மருத்துவக் கருவியிலிருந்து பழைய இரும்போடு கலந்து கட்டடக் கம்பியாகவும் மேசைக் காலாகவும் உருமாறி எல்லை தாண்டிப் போய்விட்டது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்து வாசலில் இருந்த உணர்கருவி, அந்தக் கம்பியை ஏற்றிய லாரி கடந்தபோது ஒலித்ததால்தான் விஷயம் வெளிவந்தது. சபிக்கப்பட்ட வாள் என்று நீங்கள் எழுதுகிறீர்களே, அதற்கு நடந்த கதை இதுதான். சாபம் மந்திரவாதியின் வாயிலிருந்து வரவில்லை. யாரோ கைகழுவிய ஒரு பொருளிலிருந்து, யாரும் கேட்காத ஒரு கேள்வியிலிருந்து வந்தது.

உலை வேண்டாம், நம் கதை பழங்காலத்தில் நடக்கிறது என்பீர்களானால், அதற்கும் திருவள்ளூர் மாவட்டத்தைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அங்கே அகழ்ந்து, கைக்கோடரிகளின் காலம் சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இலும், அதற்குப் பிந்திய நுண்மையான கருவிமுறை 3,85,000 ஆண்டுக்கு முன்பே அங்கே தொடங்கிவிட்டது என்று 2018இலும் வெளியிட்டது. அந்தக் கருவிகளின் மூலப்பொருள் குவார்ட்சைட் கல். பெரிய சில்லுகளை வேறிடத்தில் பெயர்த்து இங்கே கொண்டுவந்து சீராக்கியிருக்கிறார்கள். எந்தக் கல் நன்றாகப் பிளக்கும் என்று அறிந்து, நடந்து போய், சுமந்து வந்திருக்கிறார்கள். கிராஃப்டிங்கின் முதல் பாடமே இதுதான்: பொருள் இருக்கும் இடமும் செய்யும் இடமும் வேறு வேறு, நடுவில் நடை. பழவேற்காட்டுக்கு வாருங்கள். 1613இல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, அங்கே நடத்திய வெடிமருந்துச் சாலையிலிருந்து கீழைக்கடல் முழுதும் தங்கள் கப்பல்களுக்கும் கோட்டைகளுக்கும் வெடிமருந்து அனுப்பினார்கள். வெடியுப்பு முக்கால் பங்கு, மீதியில் கரி கொஞ்சம் கூடுதல், கந்தகம் கொஞ்சம் குறைவு. மூன்று மூலப்பொருளும் தனித்தனித் திசையிலிருந்து வரவேண்டும், ஈரம் படாமல் இருக்க வேண்டும், அரைக்கும்போது பொறி பறக்கக்கூடாது. கற்பனை ராஜ்யத்துக்கு வெடிமருந்து தேவைப்படும்போதெல்லாம் பச்சை அரக்கனைத் தேடுகிறீர்கள். பொன்னேரியிலிருந்து பேருந்தில் போய்ப் பார்க்கிற தூரத்தில் ஒரு முழு விளையாட்டுக்கான செய்முறை கிடக்கிறது.

உங்களில் சிலர் எழுப்பக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். முதலாவது: நாள் முழுக்க ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து செல்பேசியைத் திறப்பவன் உலையை மறக்கத்தான் ஆடுகிறான், மறுபடி உலையைக் காட்டுவதா? இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மனிதர்கள் விளையாட்டில் வேலையிலிருந்து தப்பிப்பதில்லை. ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய விளையாட்டில் மண்ணைக் கொத்தி விதை போடுகிறார்கள். தூண்டிலில் மாட்டிய உடைந்த கண்ணாடியையும் நனைந்த செய்தித்தாளையும் மறுசுழற்சி இயந்திரத்தில் போட்டுப் பயனுள்ள பொருளாக்கி மகிழ்கிறார்கள். அவர்கள் தப்பிக்க விரும்புவது வேலையில் உள்ள மரியாதைக் குறைவிலிருந்து, தன் முடிவுக்கு மதிப்பில்லாத நிலையிலிருந்து. எந்தச் சரக்கை உலைக்குள் விடுவது, எதை ஒதுக்குவது என்று தானே தீர்மானித்து, அதன் பலனைத் தானே பார்க்கும் வாய்ப்பு விளையாட்டில்தான் கிடைக்கும். ஆலையில் அது பெரும்பாலோருக்குக் கிடைப்பதில்லை.

இரண்டாவது மறுப்பு சந்தை பற்றியது. வெளிநாட்டு ஆட்டக்காரருக்குக் காயலான் கடை புரியுமா, மித்ரில் என்றால் எல்லோருக்கும் தெரியுமே என்பீர்கள். மித்ரில் டோல்கீன் என்ற ஒருவர் தன் மேசையில் இட்டுக்கட்டிய பெயர். அதற்கு முன் எவருக்கும் அது தெரியாது. அதைவிட அருகில் ஒரு சான்று இருக்கிறது. 2023இல் கனடாவின் டொரன்டோவிலிருந்து விசை கேம்ஸ் வெளியிட்ட வெண்பா, புலம்பெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலை மட்டுமே வைத்து நகர்கிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, புட்டுக் குழலில் எதற்கு மேல் எது என்பதுதான் அதில் புதிர். கிழிந்த சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரியை ஊகித்து ஆடுபவர் பாத்திரத்தில் பொருளைப் போட வேண்டும். இட்லியை வாழ்நாளில் பார்த்திராதவர்கள் அதை ஆடினார்கள். 2024இல் அதற்குச் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது கிடைத்தது. மூலப்பொருளின் குணத்தையும் வரிசையையும் உண்மையாக எழுதியதே அதன் பலம். இட்லி மாவுக்குக் கிடைத்த இடம் ஸ்பாஞ்ச் அயர்னுக்குக் கிடைக்காது என்று எந்தச் சந்தை சொன்னது?

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். நகைச்சுவை விளையாட்டில் இந்த உலைகளைக் கொண்டுவந்தால் அங்கே வேலை செய்பவர்களைக் கேலி செய்ததாக ஆகாதா? ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து வெக்கையில் நிற்பவர்கள் அவர்கள். ஈயம் உருக்கும் இடங்களில் காற்றிலும் மண்ணிலும் கலக்கும் நஞ்சு குழந்தையின் இரத்தத்தில் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்பதே இன்றைய மருத்துவத்தின் நிலை. தேர்வாய்கண்டிகையில் தொழிற்பூங்கா வந்தபோது மேய்ச்சல் நிலமும் காடும் போகிறதென்று ஊர்மக்கள் நெடுநாள் எதிர்த்து நின்றார்கள். இதிலெல்லாம் சிரிக்க என்ன இருக்கிறது? சிரிப்பு எந்தப் பக்கம் பாய்கிறது என்பதில்தான் பதில் இருக்கிறது. வியர்வையையும் பேச்சுமொழியையும் கேலிப்பொருளாக்குவது கேவலம். அப்படிச் செய்வதானால் டிராகன் செதிலோடு நின்றுவிடுங்கள். ஆனால் தன் ராஜ்யம் முழுதும் பளபளக்க வேண்டும், கசடு மட்டும் எங்காவது மறைந்துவிட வேண்டும் என்று ஆணையிடும் ஓர் அரசனை எழுதுங்கள். வாள் செய்யச் செய்ய ஆட்டக்காரரின் பையில் கசடு சேரட்டும். ஆற்றில் கொட்டினால் மீன் மறையட்டும். அடுத்தவன் எல்லையில் கொட்டினால் அவன் திரும்பக் கொண்டுவந்து போடட்டும். அந்தக் கசட்டையே சாலைக்கும் செங்கல்லுக்கும் மூலப்பொருளாக மாற்றக் கற்றுத்தர ஒரு பாட்டி எங்கோ இருக்கட்டும். எண்ணூர்ப் பக்கம் கொசஸ்தலை முகத்துவாரத்தில் அனல்மின் சாம்பல் படிந்த கதையும், அதே சாம்பல் சிமெண்டிலும் கல்லிலும் சேரும் கதையும் அறிந்த மண்ணில் இருக்கிறீர்கள். அரசனின் முட்டாள்தனத்தைப் பார்த்து ஆட்டக்காரர் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் உலைக்காரரும் தயங்காமல் கலந்துகொள்ள முடியும். பாடம் நடத்தும் வசனம் எதுவும் தேவைப்படாது. விதியை நேர்மையாக எழுதினால் ஆட்டமே பேசிவிடும்.

ஆகவே என் கோரிக்கை இது. அடுத்து நீங்கள் எழுதும் விளையாட்டில், அது எவ்வளவு சிறியதானாலும், ஒரே ஒரு மூலப்பொருளை இந்தப் பகுதியிலிருந்து எடுங்கள். பழைய இரும்பிலிருந்து தொடங்கலாம். அது எங்கிருந்து வந்தது என்பதைப் பொருளின் குறிப்பிலேயே எழுதுங்கள்: கப்பலிலா, பட்டறையிலிருந்தா, இடித்த வீட்டிலிருந்தா. அதில் கலந்திருப்பது செய்த பொருளிலும் தொடரட்டும். செய்முறையின் வலப்பக்கத்தில் வாளுக்குப் பக்கத்தில் கசட்டுக்கும் ஒரு கட்டம் வையுங்கள். தரம் பிரிக்கும் ஆளைப் பெயரில்லாத கழுதையாக்காமல், ஆட்டக்காரர் தேடிப்போய் ஆலோசனை கேட்கும் பாத்திரமாக்குங்கள்; அவர் வேண்டாமென்று ஒதுக்கிய துண்டை மீறி உலையில் போட்டால் விளைவு வரட்டும். இதை எழுதுவதற்கு முன், பழைய இரும்பைக் கைவைத்துப் பிரிக்கிற ஒருவரிடம் அவருடைய வேலை நேரம் முடிந்த பிறகு உட்கார்ந்து கேளுங்கள். எதைப் பார்த்ததும் ஒதுக்குகிறார், எதைத் தட்டிப் பார்க்கிறார், எதற்கு என்ன பெயர் சொல்கிறார் என்று கேளுங்கள். அவர் ஒடியாவிலோ இந்தியிலோ சொன்னால் அதையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய நேரத்துக்கு ஒரு தொகை கொடுங்கள். விளையாட்டு முடிந்ததும் திரையில் ஓடும் பெயர்ப் பட்டியலில், அவர் சம்மதித்தால், நிரல் எழுதியவருக்கும் படம் வரைந்தவருக்கும் அடுத்த வரியில் அவர் பெயரையும் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் விளையாட்டுகளுக்காகக் காத்திருக்கும் ஒருவர்